முட்டை டெம்பரா: பிரஷ் மேல் பழி போடும் முன்

முட்டை மஞ்சள் கருவில் வர்ணப் பொடி குழைத்துப் படம் போடுகிறவர்கள் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ரொம்பப் பேர் இல்லை. இருக்கிற நாலு பேரும் சந்தித்தால் பேச்சு படத்தைப் பற்றி இருக்காது, பிரஷ் கெட்டுப்போன கதையாகத்தான் இருக்கும். நானும் ஆரம்பத்தில் பிரஷ்ஷைக் குறை சொல்லிக் குறை சொல்லிப் புதிதாக வாங்கித் தீர்த்தேன். தூக்கிப் போட்டவற்றில் பல நல்ல பிரஷ்தான் என்று பின்னால்தான் புரிந்தது. கோளாறு குழாய்த் தண்ணீரிலோ, பலகையிலோ, தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனிலோ இருந்தது.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது. பாதி வியாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முனை இரண்டாகப் பிளக்கிறது

ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடு விழுகிறது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறிப் பாருங்கள். நல்ல வட்டப் பிரஷ் என்றால் உதறின மாத்திரத்தில் நெல்முனை மாதிரி தானாகக் கூர்ந்துவிடும். நனைந்த பிறகும் பாம்பு நாக்காகவே நின்றால் மேலே படியுங்கள்.

முடியை உலோகக் குழல் கவ்வியிருக்கிற இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக உருட்டுங்கள். நுனிப்பக்கம் பஞ்சு மாதிரி அமுங்கி, அடியில் மட்டும் மண் கலந்த அரிசியைக் கடித்த மாதிரி நறநறத்தால், உள்ளே முட்டையும் நிறமியும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். டெம்பரா சில நொடிகளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். அன்றைக்கே பார்த்தால் தண்ணீருக்கு மசியும். நாள் கணக்கில் விட்டால் மசியாது. மாதங்கள் போகப் போகப் படம் கெட்டிப்பட்டுத் துடைத்தாலும் போகாமல் நிற்கிறதே, அதே வேலையை அது பிரஷ்ஷின் அடியிலும் செய்கிறது.

கழுவும் முறை இதுதான். பச்சைத் தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு. உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, முடியின் போக்கிலேயே இழுங்கள், எதிர்த் திசையில் குத்தாதீர்கள். பிறகு அடிமுடியை விரல்களுக்கு நடுவே பிசையுங்கள். நுரை முதலில் கலராக வரும், அப்புறம் வெளிறும். வெள்ளை நுரை வந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பிசைந்து பாருங்கள், கலர் மறுபடி வரும். அதுதான் அடியில் இருந்தது. கடைசியில் கொஞ்சம் சோப்பு நுரையோடேயே முனையைக் கூராக்கி இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் அலசிவிட்டு வேலைக்கு எடுங்கள்.

ரொம்ப நாள் பட்ட கறை என்றால் சோப்புத் தண்ணீரில் முடி மட்டும் முங்குகிற மாதிரி காம்பைக் கிளிப்பில் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஊறவிடலாம். டம்ளரில் முனை தரையைத் தொட நிறுத்தி வைத்தால் முனை வளைந்து, ஒரு கோளாறுக்கு இரண்டாகும். முட்டைக் கறையை எடுக்கும் துணி துவைக்கிற என்சைம் பவுடரைப் போடலாமா என்று கேட்பார்கள். முட்டை புரதம் என்பதால் அது கரைக்கும், ஆனால் சேபிள் என்கிற விலங்கு முடியும் புரதம்தான். நான் போடுவதில்லை.

சுடுதண்ணீர் கூடவே கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மார்கழி ராத்திரி, குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் டீக்குக் கொதித்த தண்ணீரில் மிச்சத்தை டம்ளரில் ஊற்றி, மூன்றாம் நம்பர் பிரஷ்ஷை அதில் ஆட்டினேன். நுரை வருவதற்குப் பதிலாக நூல் நூலாக மஞ்சள் திரிகள் மிதந்தன. முடிக்குள்ளேயே முட்டை வெந்துவிட்டது. மஞ்சள் கரு 65 டிகிரி வாக்கிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும், கொதித்து இறக்கிய தண்ணீரில் கேட்க வேண்டுமா? மறுநாள் பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தொழில் பழக்கிய போர்டு ஆர்ட்டிஸ்ட் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னா தம்பி, ஆம்லெட் போட்டியா?” என்றார். அந்த பிரஷ்ஷுக்கு அதற்கு மேல் வைத்தியம் கிடையாது.

சரி, நறநறப்பும் இல்லை, சுடுதண்ணீரும் ஊற்றவில்லை, ஆனாலும் முடி காய்ந்ததும் ஈர்க்குச்சி மாதிரி விறைக்கிறது என்றால் தண்ணீரைப் பாருங்கள். வடசென்னையில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறின கதை பல பத்தாண்டுப் பழசு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியான வெள்ளைக் கசடாகிவிடும். பக்கெட் ஓரத்தில் படிகிற அதே கசடுதான் முடிக்கு நடுவிலும் படிகிறது. நாம் கழுவக் கழுவ பிரஷ் அழுக்காகிக்கொண்டே போகும். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. சோப்புப் போடுவதற்கும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர் அரை டம்ளர் போதும். நிறமிப் பொடியைக் குழைக்கவும், மஞ்சள் கருவை நீர்க்க வைக்கவும் அதே கேன் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் இதற்கு முதலில் எதிர்ப்பு இருந்தது. குடிக்கிற தண்ணீரை பிரஷ்ஷுக்கு ஊற்றுகிறான் என்றார்கள். ஒரு பிரஷ் விலையைச் சொன்னதும் அடங்கிவிட்டது.

எல்லாம் செய்தும் முனை கூடவில்லையா? வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இயற்கை முடி நுனியில் மெலிந்து ஊசியாக முடியும். அந்த நுனிகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் பிரஷ் வயசாகிவிட்டது. கத்தரியால் வெட்டிக் கூராக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வெட்டின முடிக்கு நுனியே கிடையாது. செயற்கை முடி பிரஷ்ஷில் முனை கொக்கியாக வளைந்திருந்தால், முட்டை துளியும் இல்லாமல் கழுவிவிட்டு, ஒரு நொடி சூடான தண்ணீரில் முக்கி விரலால் நீவினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். சுடுதண்ணீருக்கு இங்கே மட்டும் அனுமதி.

இன்னொன்று. முனையைக் கூராக்க வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் போர்டு எழுதினவர்கள் பலரிடம் உண்டு, என்னிடமும் இருந்தது. சிவப்புக்குப் போடுகிற சாதிலிங்கம் பாதரசம், ஈயச் செந்தூரம் பெயரிலேயே ஈயம், போதாக்குறைக்குப் பச்சை முட்டை. விட்டுவிடுங்கள்.

கோட்டின் கடைசியில் துளி கட்டுகிறது, இல்லையென்றால் போட்ட கோட்டையே பிரஷ் பெயர்க்கிறது

இரண்டும் ஒரே நோய். பிரஷ்ஷில் தண்ணீர் அதிகம். வாட்டர்கலர் பழகிய கை இதில்தான் மாட்டும். வர்ணத்தில் முக்கியதும் இடது கையில் மடித்து வைத்திருக்கிற பழைய வேட்டித் துணியில் பிரஷ்ஷின் வயிற்றை, அதாவது முடியின் தடித்த நடுப்பகுதியை, ஒற்றுங்கள். எல்லாம் போய்விட்டதே என்று தோன்றும். தோன்றட்டும், உள்ளே இருப்பது இருபது மெல்லிய கோட்டுக்கு வரும். ஒரு கோடு காய்ந்த பிறகுதான் அதன் மேல் அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் ஈர பிரஷ் திரும்பிப் போனால் அடிக்கோட்டை உருட்டி எடுத்துவிடும், நடுவில் வெள்ளைப் பலகை தெரியும். அப்படி ஓட்டை விழுந்தால் உடனே ஒட்டுப்போடப் போகாதீர்கள். பத்து நிமிஷம் வேறு மூலைக்குப் போய்விட்டு வாருங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகும் விரலில் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது பிரஷ் கோளாறு அல்ல, முட்டை பற்றவில்லை. கண்ணாடித் துண்டில் கொஞ்சம் பூசிக் காயவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். சுருள் சுருளாக ஏடு மாதிரி வந்தால் சரியான கலவை. தூளாக உதிர்ந்தால் இன்னும் மஞ்சள் கரு வேண்டும்.

கோடு பாதியில் வறண்டுவிடுகிறது

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். கத்திரி வெயிலில் சொல்வதற்கு எளிது, தெரியும். நான் மே மாதத்தில் காலை ஆறு முதல் ஒன்பது வரைக்குள் முடித்துக்கொள்கிறேன். ஃபேன் வேண்டுமென்றால் முதுகுப்பக்கம் டேபிள் ஃபேன், பலகைக்குக் காற்று அடிக்காத மாதிரி.

ஃபேன் நின்ற பிறகும் வறண்டால் பிரஷ் ரொம்பச் சின்னது. மெல்லிய கோடு வேண்டும் என்று எல்லோரும் மூன்று பூஜ்ய நம்பர் வாங்குகிறார்கள். அதில் வயிறே இல்லை, ஒரு சொட்டு கூடத் தங்காது. கோட்டின் அகலம் முனையைப் பொறுத்தது, நீளம் வயிற்றைப் பொறுத்தது. கூர்மை போகாத இரண்டாம் அல்லது மூன்றாம் நம்பர் வட்டப் பிரஷ் ஒன்று, நீள முடி லைனர் ஒன்று, பெரிய பரப்புக்கு அரை அங்குலத் தட்டை செயற்கை முடி ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். காசு இருந்தால் வட்டப் பிரஷ் மட்டும் கொலின்ஸ்கி சேபிளாக வாங்குங்கள். சைபீரியக் குளிரில் வாழ்கிற, கீரி மாதிரி உடம்புள்ள பிராணியின் வால் முடி அது. வர்ணத்தையும் பிடித்துக்கொள்ளும், வளைத்தால் துள்ளி நிமிரவும் செய்யும். காசு இல்லையென்றால் நல்ல செயற்கை முடியே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அணில் முடி தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் துள்ளல் கிடையாது. டெம்பராவின் குறுக்குக் கோடுகளுக்கு அது தொளதொள.

கடையில் பெயர் இல்லாமல், நுனி கறுத்து நடுவில் வெளுத்த பட்டை ஓடும் முடியோடு ஒரு பிரஷ்ஷைக் காட்டி ‘சூப்பர் சரக்கு’ என்றால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். அது கீரி முடியாக இருக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடி பிரஷ் விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

பலகையில் வர்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக உருள்கிறது

எண்ணெய். பிரஷ்ஷிலோ பலகையிலோ. எனாமல் பெயின்ட் எழுதின காலத்தில் மாஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் அலசி, தேங்காயெண்ணெய் தடவி வை என்பது. எனாமலுக்கு அது வேதவாக்கு. டெம்பராவுக்கு அதுவே எமன். எண்ணெய் கண்ட பிரஷ்ஷை இதற்கு எடுக்காதீர்கள், காம்பில் கலர் டேப் சுற்றித் தனியாக வையுங்கள். தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு பலகையைத் தொட்டாலும் இதேதான், விரல் ரேகை வட்டமாக வர்ணம் விலகி நிற்கும்.

எண்ணெயே படாத பலகையிலும் உருண்டால் கீழே பூசியிருப்பது டப்பாவில் வருகிற அக்ரிலிக் ஜெஸ்ஸோவாக இருக்கும். பிளாஸ்டிக் மேல் முட்டை நன்றாகப் பிடிக்காது. டெம்பராவுக்கு வேண்டியது தோல் பசையும் சாக் பவுடரும் சேர்ந்த, தண்ணீரை உறிஞ்சுகிற பூச்சு. ஐரோப்பாவில் முயல் தோல் பசை. இங்கே தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம் அதே இனம்தான். ராத்திரி ஊறவைத்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் பசை வலு இழக்கும்.

பிரஷ் சீக்கிரமே மொட்டையாகிறது

கையால் பலகையைத் தடவிப் பாருங்கள். முட்டை ஓடு மாதிரி வழவழப்பு வரவில்லை, சொரசொரக்கிறது என்றால் அந்தப் பலகை ஒரு உப்புத்தாள். நீங்கள் அதில் சேபிள் முடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 220 நம்பர் தாளில் ஆரம்பித்து 400 வரை போங்கள், தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் ஈரத் துணியால் லேசாக வட்டம் போட்டு மெழுகுங்கள். நிறமிப் பொடியைக் குழைக்க நல்ல பிரஷ்ஷைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதிதான். அதற்கு முனை போன கிழட்டுப் பிரஷ் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

வெள்ளை சாம்பலாகிறது, இடையிடையே பழுப்புப் புள்ளி

பழுப்புப் புள்ளி துரு. காசிமேட்டுக் கடல் காற்றில் சைக்கிள் மணியே துருப்பிடிக்கிறது, வர்ணம் குழைக்கிற இரும்புக் கத்தி எம்மாத்திரம். அதோடு மஞ்சள் கருவில் ஊற்றுகிற வினிகரும் சேர்ந்துகொள்ளும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியோ பிளாஸ்டிக் கத்தியோ வாங்குங்கள், வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள். சாம்பல் வேறு விவகாரம். டைட்டானியம் வெள்ளைப் பொடி உலோகத்தைச் சுரண்டக்கூடியது. அலுமினியத் தட்டில் போட்டுக் கத்தியால் தேய்த்தால் உலோகம் கரி மாதிரி கலந்துவிடும். வெள்ளையை எப்போதும் பீங்கானிலோ கண்ணாடியிலோ குழைப்பதுதான் நல்லது. ஓரம் உடைந்த பீங்கான் சாசர் நாலைந்து இருந்தால் பேலட் வாங்கவே வேண்டாம்.

எவ்வளவு தேய்த்தாலும் பொடி மசியவில்லை

அம்மி வழுக்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிப் பலகையில் கண்ணாடிக் குழவி வைத்து அரைக்கும்போது இரண்டு முகத்திலும் மெல்லிய சொரசொரப்பு இருக்க வேண்டும். நாளாக நாளாக அது தேய்ந்து பளபளவென்று ஆகிவிடும், குழவி பொடியை அரைக்காமல் சறுக்கிக்கொண்டே போகும். முன்பெல்லாம் ‘அம்மி கொத்தலையோ’ என்று தெருவில் குரல் வரும், பாட்டிமார் அம்மியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். கண்ணாடிக்கும் அதே வைத்தியம்தான், உளிக்குப் பதில் கார்போரண்டம் தூள். அந்தப் பெயரில் ஒரு தொழிற்சாலையே திருவொற்றியூரில் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் வால்வு தேய்க்கிற தூள் என்று கேட்டாலும் புரியும், எண்ணெய் கலந்த பசையாகத் தராமல் வெறும் தூளாகக் கேளுங்கள். ஒரு சிட்டிகை தூள், கொஞ்சம் தண்ணீர், குழவியை எட்டு எட்டாகச் சுற்றுங்கள். முதலில் கறமுறவென்று கூசும், பிறகு சத்தம் தணிந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராக வரும். துடைத்துப் பார்த்தால் கண்ணாடி பனி படிந்த மாதிரி இருக்க வேண்டும். தூள் ஒரு துகள் கூட மிஞ்சாமல் கழுவுங்கள், மிஞ்சினால் அது பிரஷ்ஷுக்குள் போய் உட்காரும்.

அழுகின வாடை

மஞ்சள் கரு பாட்டில் நேற்றையது என்றால் கொட்டிவிடுங்கள், இந்த ஊர் வெக்கையில் அதைக் காப்பாற்ற நினைப்பது வீண். முட்டை புதிதுதான், ஆனால் நீலத்தில் மட்டும் வாடை வருகிறது என்றால் குற்றவாளி முட்டை அல்ல. அல்ட்ராமரீன் நீலத்தில் கந்தகம் உண்டு. வினிகர் கூடினால் நிறம் வெளிறும், அழுகின முட்டை வாசத்தையே கிளப்பும். நீலத்துக்கு வினிகர் இல்லாத மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டுமே இல்லையென்றால் பிரஷ்ஷை ஒற்றுகிற துணியை முகர்ந்து பாருங்கள்.

முடியைப் பூச்சி கடித்திருக்கிறது

காலையில் எடுத்தால் பிரஷ்ஷின் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். ராத்திரி கரப்பான் வந்திருக்கிறது, முட்டை வாசத்துக்கு. ஒழுங்காகக் கழுவின பிரஷ்ஷைச் சீண்டுவது குறைவு. ஆகவே இது முதல் பகுதியில் ஏய்த்ததற்கு வந்த பில். அந்துப்பூச்சிக்கு வாசம்கூட வேண்டாம், வெறும் முடியே போதும். இது புதுத் தொல்லையும் அல்ல. 1400 வாக்கில் இத்தாலியில் தொழில் ரகசியங்களை எழுதி வைத்த சென்னினோ சென்னினி, பிரஷ் செய்ய வைத்திருக்கிற வால் முடியைக் களிமண் குழம்பில் தோய்த்துத் தொங்கவிடச் சொல்கிறார், வேண்டும்போது கழுவிக்கொள்ளலாம் என்று. நமக்கு அவ்வளவு வேண்டாம், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் ஓர் அந்துருண்டையும் போதும்.

ஆனால் ஈரத்தோடு டப்பாவுக்குள் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்படிப் போட்டு மூடி, ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது என் லைனர் முடியில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த இரண்டு மாதம் பிரஷ்களைக் கிளிப்பில் தலைகீழாக, முனை கீழே பார்க்க, ஜன்னல் கம்பியில் தொங்கவிடுகிறேன். தண்ணீர் குழலுக்குள் இறங்காமல் முனை வழியே சொட்டிப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் டப்பா.